தலைச்சோலையில் என் பெயரைச் சொல்லாதே

கண்ணு,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்ன இரண்டு செய்திக்கும் "சரி சாமி" என்று ஒரே பதிலைச் சொல்லி வைத்துவிட்டேன். சந்தோஷத்தில் அப்பாவுக்குப் பேச்சு வரவில்லை என்று நினைத்திருப்பாய். முதல் செய்தி, நீ இனிமேல் நடிப்பதோடு நிற்காமல் சொந்தமாகப் படம் எடுக்கப் போகிறாய், கம்பெனிக்கு என் பெயரையே வைக்கப் போகிறாய் என்பது. இரண்டாவது, உன் கதைக்கு ஏற்காட்டில் தலைச்சோலைதான் பொருத்தமாக இருக்கிறது என்பது. "அங்க உங்க பேரைச் சொன்னாலே போதுமேப்பா, ஒரு வார்த்தை பேசி வைங்க" என்றாய். வருகிற வெள்ளிக்கிழமை கேமராமேனையும் கூட்டிக்கொண்டு இடம் பார்க்க வருகிறாயாம். நீ கிளம்புவதற்குள் இது உன் கைக்கு வந்து சேர வேண்டும் என்று மூன்று நாளாக உட்கார்ந்து எழுதுகிறேன். தலைச்சோலையில் என் பெயரைச் சொன்னால் உனக்கு இடம் கிடைக்காது. இடம் கிடைக்காதது கூடப் பெரிதில்லை. என் பெயரைச் சொன்ன வாயோடு நீ அந்த ஜனங்களின் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும், அதை நினைத்தால்தான் எனக்கு உடம்பு கூசுகிறது.

நீ அப்படி நினைத்ததற்கு நான்தான் காரணம். அந்த மலைக்காரர்கள் என்னைத் தங்கள் வீட்டுப் பிள்ளை மாதிரி வைத்துக்கொண்டார்கள், நான் கிளம்பும்போது ஊரே வழியனுப்ப வந்தது என்று உன் சின்ன வயதில் சாப்பாட்டு நேரத்தில் எத்தனை தடவை அளந்திருக்கிறேன். உன் பேட்டி ஒன்றில் நீயே அதை எடுத்துச் சொன்னபோது டிவியை அணைத்துவிட்டேன். ஏற்காட்டில் வந்து குடியேறி பதினோரு வருஷம் ஆகிறது. காய்கறி வாங்க, மருந்து வாங்க தினம் ஒண்டிக்கடை ரவுண்டானா வரைக்கும் நடக்கிறேன். இந்தப் பதினோரு வருஷத்தில் தலைச்சோலை போகிற பஸ்ஸில் ஒரு தடவை கூட ஏறவில்லை. சென்னையிலிருந்து சிநேகிதர்கள் வந்து காப்பித் தோட்டம் காட்டு என்றால் வேறு பக்கமாகக் கூட்டிப் போய்விடுவேன். நேற்றுதான் முதல் தடவையாக அந்த பஸ்ஸில் ஏறினேன். அதைச் சொல்வதற்கு முன் பழைய கதையைச் சொல்லியாக வேண்டும்.

நான் சினிமாவுக்கு ஓடியது, சேலத்தில் ஒரு ஜவுளிக்கடையில் துணி மடித்துப் போட்டுக்கொண்டிருந்த வயதில். முதல் நாலு வருஷம் வில்லனுக்குப் பின்னால் கை கட்டிக்கொண்டு நின்றேன். அப்புறம் வில்லனின் தம்பி ஆனேன். அப்புறம் யாரோ ஒரு ஹீரோ கோபித்துக்கொண்டு போன படத்தில் அவன் சட்டையை எனக்குப் போட்டுப் பார்த்தார்கள், அளவு சரியாக இருந்தது, ஹீரோ ஆனேன். ஒன்பது படம் நடித்தேன், இரண்டு ஓடியது. நடிகன் ஏன் தயாரிப்பாளர் ஆகிறான் என்று பத்திரிகைக்காரர்கள் கேட்டால் நல்ல சினிமா கொடுக்க ஆசை என்று எல்லோரும் சொல்வோம், நானும் சொன்னேன். உண்மை என்னவென்றால் வீட்டில் போன் மணி அடிப்பது குறைந்து போயிருந்தது. யாரும் கூப்பிடாதபோது நம்மை நாமே ஹீரோவாகக் கூப்பிட்டுக்கொள்ள ஒரு கம்பெனி தேவைப்பட்டது. உன் நிலைமை அப்படியில்லை, உன்னைக் கூப்பிட இன்னும் நாலு பேர் இருக்கிறார்கள், அதனால் இதைப் படித்துவிட்டு உன்னைச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதே.

அந்தக் கம்பெனியின் முதல் படத்தில் வருகிற பெரிய பாட்டைத் தலைச்சோலையில் எடுத்தோம். சரிவு முழுக்கக் காப்பிச் செடி, ஒவ்வொரு கொப்பிலும் பழம் சிவந்து நெருக்கிக்கொண்டு நின்றது. அந்தச் சிவப்புதான் பாட்டுக்கு உயிர் என்றார் டைரக்டர். பாதி எடுத்து முடிக்கும்போது கதாநாயகிக்குக் காய்ச்சல் வந்தது. மீதியை எட்டு நாள் கழித்து எடுக்க வேண்டும், அதற்குள் பழத்தைப் பறித்துவிட்டால் பாட்டின் முன்பாதி சிவப்பாகவும் பின்பாதி பச்சையாகவும் இருக்கும். கன்டினியூட்டி போய்விடும். அந்தச் சரிவு ஏழு குடும்பத்துக்குச் சொந்தம். எல்லோரும் கையகலத் தோட்டம் வைத்திருக்கிற மலை விவசாயிகள். அவர்களில் வெள்ளையன் என்பவர் பேச்சுக்குத்தான் மற்றவர்கள் கட்டுப்பட்டார்கள். அவரிடம் போய் எட்டு நாள் பறிக்காமல் இருங்கள் என்று கேட்டேன். "பழுத்தது செடியில நிக்காதுங்களே. ஒரு மழை பேஞ்சாப் போச்சுங்க" என்றார். நான் விடவில்லை. எவ்வளவு நஷ்டமானாலும் கொடுக்கிறேன், பேப்பரில் எழுதித் தருகிறேன் என்றேன். பேப்பர் வேண்டாம் என்றார் அவர். "சேர்வராயங்கோயில்ல சூடம் அடிச்சுச் சொல்லுங்க, அது போதுமுங்க."

கோயில் உனக்குத் தெரியும், மலை உச்சியில் குனிந்து போகிற குகை. மறுநாள் காலையில் ஏழு குடும்பத்து ஆட்களும் வந்து நின்றார்கள். காற்றில் சூடம் அணையாமல் வெள்ளையன் தன் துண்டை விரித்துப் பிடித்தார். இப்போது நான் சொல்லப் போகிறதை உன் அம்மாவிடம் கூடச் சொன்னதில்லை. போகும்போதே கேமராமேனிடம், தூரத்தில் நின்று எடுத்து வை, எதற்காவது உதவும் என்று சொல்லிவிட்டுத்தான் போனேன். சத்தியம் செய்யும்போது முகம் தானாக வெளிச்சத்தின் பக்கம் திரும்பியது. "எட்டாம் நாள் பொழுது சாயறதுக்குள்ள வந்து நிப்பேன்" என்றேன். அவர்கள் கேட்டது அவ்வளவுதான், அதோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும். எனக்கோ வசனம் பாதியில் தொங்குகிற மாதிரி பட்டது. கண்ணில் தண்ணீரை வரவழைத்துக்கொண்டு, "நான் வர்ற வரைக்கும் நீங்களும் பழத்துல கை வெக்க மாட்டோம்னு சொல்லோணும்" என்று சேர்த்தேன். யாரும் கேட்காத வரி. நன்றாக இருக்கிறதே என்று சேர்த்தது. வெள்ளையன் ஒரு நொடி என்னைப் பார்த்தார், மற்ற ஆறு பேரையும் பார்த்தார். அப்புறம் "நீங்க வர்ற வரைக்கும் கை வெக்கலீங்க" என்று எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தார்.

மலையிறங்கி சென்னை வந்த மறுநாளே ஒரு பெரிய கம்பெனியிலிருந்து கூப்பிட்டார்கள். பெரிய ஹீரோ படத்தில் தம்பி வேஷம், உடனே ஹைதராபாத் வர வேண்டும். சொந்தப் படத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். எட்டாம் நாள் நான் அங்கே ஒரு செட்டில் தலையில் கட்டுப் போட்டுப் படுத்திருந்தேன். தலைச்சோலைக்காரர்களுக்கு அப்போது போன் கிடையாது. ஒண்டிக்கடையில் மளிகை வைத்திருந்த பஷீர் பாய் கடை போன்தான் அவர்களுக்கும் போன். பாய் பத்தாம் நாள் கூப்பிட்டார், பன்னிரண்டாம் நாள் கூப்பிட்டார். ஷூட்டிங்கில் இருக்கிறார் என்று மேனேஜரைச் சொல்லச் சொன்னேன். நாலு நாள் லீவில் சென்னை வந்திருந்தபோது பாய் மறுபடி கூப்பிட்ட போனை உங்கம்மா எடுத்துவிட்டாள், பேசுங்க என்று ரிசீவரை என் காதில் வைத்தாள். "சார், நேத்து மழையில பாதி கொட்டிருச்சுங்க. மிச்சம் செடியிலயே கருக்குது. நீங்க வர வேண்டாமுங்க, பறிச்சுக்கன்னு ஒரு வார்த்தை சொன்னீங்கன்னாப் போதும், நான் போயி சொல்லிர்றேன்" என்றார் பாய். நாளைக்கு வந்துவிடுவேன் என்று சொல்லி வைத்தேன். "ஒரு நிமிஷ வேலைதானே, சொல்லிடுங்களேன்" என்றாள் உங்கம்மா. இத்தனை நாள் பறிக்காமல் இருக்க அவர்கள் என்ன பைத்தியமா, எப்போதோ பறித்திருப்பார்கள், பாய் சும்மா பயமுறுத்துகிறார் என்றேன். அவளிடம் அப்படிச் சொன்னேனே தவிர, மனதுக்குள் அவர்கள் காத்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். காத்திருக்கட்டும் என்றுதான் இருந்தேன். பறிக்கச் சொன்னால் என் பாட்டின் சிவப்பு போய்விடும். வெட்கம் கெட்ட கணக்கு, கண்ணு. ஆனால் அதுதான் என் மனதில் இருந்தது.

இருபத்து மூன்றாம் நாள் யூனிட்டோடு போய் இறங்கினேன். சரிவில் கால் வைத்ததும் புளித்த நாற்றம் அடித்தது. செடிக்கு அடியில் பழம் அழுகிக் கிடந்தது. கொப்பில் இருந்ததெல்லாம் கருத்து வற்றிப் போயிருந்தது. எனக்கு வந்தது கோபம். என் பாட்டு கெட்டுப் போன கோபம். "இப்படியா விட்டு வைப்பீங்க?" என்று எல்லார் முன்னாலும் கத்தினேன். வெள்ளையன் பதிலுக்குக் கத்தவில்லை. துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கிட்டே வந்து, "வந்துட்டீங்களே, இனி கை வெக்கலாமுங்களா?" என்று கேட்டார். மிச்சமிருந்த கருகலையாவது பறிக்க என்னிடம் உத்தரவு கேட்டார் அந்த மனிதர். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இருங்க, ஷாட் முடியட்டும்" என்றேன்.

அதோடும் விடவில்லை. ஆர்ட் டிபார்ட்மென்ட்காரர்கள் சேலம் கடைவீதிக்குப் போய் மூட்டை மூட்டையாகச் சிவப்பு பிளாஸ்டிக் மணி வாங்கி வந்தார்கள். அதைக் கொப்புக் கொப்பாகக் கட்ட ஆள் வேண்டியிருந்தது. அந்த ஏழு வீட்டுப் பெண்களையே நாள் கூலிக்குக் கூப்பிட்டோம். பறிக்க வேண்டிய விரலால் அவர்கள் தங்கள் செடியிலேயே பிளாஸ்டிக்கைக் கட்டினார்கள். வெள்ளையன் மகள் செல்வி பன்னிரண்டாவது முடித்திருந்த பெண், ரொம்ப வேகமாகக் கட்டினாள். "பாப்பா பிரமாதமா கட்டுது" என்று மைக்கில் சொன்னேன், யூனிட்டே கை தட்டியது. அந்த வருஷப் பழத்தை நம்பித்தான் அவளைச் சேலத்தில் நர்ஸ் படிப்புக்குச் சேர்ப்பதாக இருந்தார்கள் என்பது எனக்குத் தெரியாது. கேட்டிருந்தால் தெரிந்திருக்கும், நான் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. கிளம்பும்போது மேனேஜரிடம் நஷ்டத்துக்கென்று ஒரு கவரைக் கொடுத்தனுப்பினேன். கட்டின கூலியை மட்டும் வாங்கிக்கொண்டு கவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். "பழத்துக்கு நாங்க வெல பேசலீங்களே, நாள்தானுங்களே பேசுனோம்" என்றாராம் வெள்ளையன். என்ன திமிர் பார் என்று மேனேஜரும் நானும் சிரித்துக்கொண்டே மலையிறங்கினோம்.

படம் எடிட்டிங்குக்கு வந்தபோது ஒரு இடம் தொய்வாக இருந்தது. கோயிலில் கேமராமேன் எடுத்து வைத்த அந்தப் பிலிம் துண்டைப் போட்டுப் பார்த்தோம், அப்படியே பொருந்தியது. கதாநாயகியின் ஊர் ஜனங்களுக்கு ஹீரோ சத்தியம் செய்து கொடுக்கிற மாதிரி பின்னணி இசை சேர்த்து வைத்துவிட்டேன். பிரிவியூ பார்த்தவர்கள் அந்தக் காட்சியைத்தான் புகழ்ந்தார்கள். உங்கம்மா பார்த்துவிட்டு வந்து, "அந்தச் சூடத்தை அணைக்கிற ஆளு நடிக்கிற மாதிரியே இல்லீங்க" என்றாள். சேலத்தில் படம் வந்ததும் தங்கள் தோட்டம் படத்தில் வருகிறது என்று ஏழு வீட்டுக்காரர்களும் பஸ் பிடித்துப் போய்ப் பார்த்திருக்கிறார்கள். இதை நான் ஏற்காடு வந்த புதிதில் பஷீர் பாய்தான் சொன்னார். அந்தக் காட்சிக்கு தியேட்டரில் விசில் பறந்ததாம். திரையில் தன் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம் வெள்ளையன். பாய் அதைச் சொன்னபோது எனக்குப் பரிந்தும் பேசவில்லை, திட்டவும் இல்லை. சர்க்கரையைக் கட்டிக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார்.

அதற்கப்புறம் என் கதை உனக்குத் தெரியும். படம் ஒரு வாரம் கூட நிற்கவில்லை. இன்னும் இரண்டு படம் எடுத்தேன், எல்லாம் போயிற்று. அதற்கு எனக்கு வருத்தமில்லை, எடுத்தவன் விழுவது சினிமாவில் சகஜம்தான். உனக்கு ஒன்றே ஒன்று சொல்ல வேண்டும் என்றால் இதைச் சொல்வேன். நடிகனாக இருந்தவரைக்கும் நீதான் மற்றவர்களுக்காக மேக்கப்போடு காத்திருந்தாய். தயாரிப்பாளர் ஆனால் உனக்காக மற்றவர்கள் காத்திருப்பார்கள். லைட்மேன் காத்திருப்பான், தோட்டக்காரன் காத்திருப்பான், யார் யார் என்று உனக்கே தெரியாது. வர முடியாவிட்டால் வரவில்லை என்று அவர்களுக்கு ஒரு போன் பண்ணிச் சொல்லு. இதற்கு மேல் உனக்குத் தொழில் சொல்லித்தர எனக்கு யோக்கியதை கிடையாது.

நேற்று தலைச்சோலைக்குப் போனேன். உனக்காக இடம் கேட்க என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டுதான் போனேன். வெள்ளையன் வீட்டை விசாரித்தேன். செல்விதான் வெளியே வந்தாள். இப்போது நாற்பதை எட்டியிருப்பாள். தோட்டத்தை அவள்தான் பார்க்கிறாள். என்னை அடையாளம் தெரிந்துவிட்டது. "உக்காருங்க" என்று நாற்காலி எடுத்துப் போட்டாள். அப்பா எங்கே என்றேன். "அப்பா போயி ஆறு வருசம் ஆச்சுங்க" என்றாள். இங்கிருந்து அரை மணி நேர பஸ், ஐந்து வருஷம் அவர் உயிரோடு இருக்கும்போதே நான் இந்த ஊரில் இருந்திருக்கிறேன். பையன் படம் எடுக்கிறான், இடம் வேணுமாம் என்று உளறிவிட்டேன். சொன்ன உடனே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அவளுக்குக் கோபம் வரவில்லை.

"உங்க பையன் வந்து கேக்கட்டுங்க, ஆவற மாதிரி இருந்தாத் தர்றோம். அது வேற பேச்சு. உங்ககிட்டக் கேக்க எனக்கு ஒண்ணு இருக்குதுங்க" என்றாள். "அன்னிக்குக் கோயில்ல மத்த ஆறு ஊட்டுக்காரங்களையும் பேசிச் சம்மதிக்க வெச்சது எங்கப்பாதானுங்க. பத்து நாள் ஆனதுமே பறிச்சுரலாம்னு அவங்க ஒத்தக்கால்ல நின்னாங்க. சொல்லு சொல்லுதான்னு எங்கப்பா விடல. அப்பறம் தேட்டர்ல பார்த்துட்டு வெளிய வரையில, இந்தக் கூத்துக்குத்தான் எங்களைக் காக்க வெச்சியான்னு கேட்டாங்க. அதுக்கப்பறம் ஊருல எதுக்கும் எங்கப்பா பேச்சை யாரும் கேக்கல. காசு வாங்கிக்கிட்டு நடிச்சான்னு கூடச் சொன்னாங்க. அவரு உங்களை ஒரு வார்த்தை நொந்துக்கலீங்க. நமக்குத்தான் புத்தி இல்லைன்னு சொல்லிக்கிட்டே போயிட்டாரு."

நான் அழுதேன். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். "அழுவாதீங்க. அதை நாங்க பார்த்திருக்கோமுங்க" என்றாள். அவள் குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னாள். எனக்கு அழுகை அப்படியே நின்றுவிட்டது.

அவள் கேட்டது இதுதான். அடுத்த மாதம் சேர்வராயன் கோயில் திருவிழா. மலையில் இருக்கிற அத்தனை ஊரும் வரும், அந்த ஆறு வீட்டுக்காரர்களும் வருவார்கள். நான் போய் நின்று, அன்றைக்குப் பொய் சொன்னவன் நான், வெள்ளையன் என்னிடம் காசு வாங்கவில்லை, அவர் சொல்லைக் காப்பாற்றினார், கெடுத்தவன் நான் என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்ல வேண்டும். "உங்களை அசிங்கப்படுத்தோணும்னு இல்லீங்க. எங்கப்பா பேரு சுத்தமாவோணும்" என்றாள். சரி என்றேன். சூடம் ஏற்றிச் சொல்கிறேன் என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது, நல்லவேளையாக விழுங்கிவிட்டேன். அவளும் சத்தியம் எதுவும் கேட்கவில்லை. "வந்தாப் பார்ப்போமுங்க" என்று மட்டும் சொன்னாள்.

இன்று காலையில் கண்ணாடி முன் நின்று அதைச் சொல்லிப் பார்த்தேன். முதல் தடவையே பிரமாதமாக வந்தது. வெள்ளையன் என்ற பெயர் வருகிற இடத்தில் குரல் சரியாக உடைந்தது, அதற்கு முன் ஒரு சின்ன இடைவெளி கூட விட்டேன். எனக்குப் பயமாகிவிட்டது. நாற்பது வருஷம் செய்த தொழில் உடம்பை விட்டுப் போகாதோ என்று இருக்கிறது. ஆயிரம் பேர் முன்னால் நின்று வசனம் பேசியவனுக்கு, நாலு வாக்கியத்தை வசனமாக இல்லாமல் சொல்ல வருமா என்று தெரியவில்லை. இந்த எழுபது வயதில் எனக்கு இருக்கிற ஒரே கவலை அதுதான்.

அதனால் உன்னிடம் கேட்கிறேன், கண்ணு. கம்பெனிக்கு என் பெயர் வேண்டாம், உன் அம்மா பெயரை வை, அவள் அன்றைக்கே சரியானதைச் சொன்னவள். வெள்ளிக்கிழமை கேமராமேனைக் கூட்டி வராதே. திருவிழா முடியும்வரை அந்த ஜனங்களிடம் இடம் எதுவும் கேட்காதே. அதற்கப்புறம் நீயே போய்க் கேள், கிடைக்காவிட்டால் வேறு மலை பார்த்துக்கொள். இந்தக் கடிதத்தின் நகல் ஒன்றைச் செல்வியிடம் கொடுக்கப் போகிறேன், யாரிடம் வேண்டுமானாலும் படித்துக் காட்டட்டும். இது வெளியே தெரிந்தால் உனக்கும் கொஞ்சம் தலைகுனிவுதான், தெரிந்துதான் செய்கிறேன்.

திருவிழாவுக்கு மட்டும் வா. அப்பாவுக்கு முட்டி வலி, கூட ஆள் வேண்டும் என்று என் பக்கத்தில் வந்து நிற்காதே. அந்த ஏழு வீட்டுக்காரர்களோடு போய் நில். அங்கிருந்து பார்த்தால் நான் நடிக்கிறேனா இல்லையா என்று உனக்குத் தெரியும். நடிக்கிறேன் என்று பட்டால், அத்தனை பேர் முன்னாலும் சத்தமாகச் சொல்லிவிடு.

அப்பா